நத்தைக்குடி நாரை பஸ்

நத்தைக்குடிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை பஸ் வர வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரம் போக்குவரத்துத் துறைக்கு இல்லை, மாவட்ட ஆட்சியருக்கும் இல்லை, ஊர்த் தலைவர் சோணைமுத்துவுக்கு அறவே இல்லை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டி உட்கார்ந்திருந்த மூவாயிரத்துச் சொச்சம் நாரைகளுக்குத்தான் இருந்தது. நல்ல வேளை, நாரைகளுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவையும் ஒரு சங்கம் ஆரம்பித்து, அது இரண்டாக உடைந்திருக்கும்.

விஷயம் இதுதான். ஐரோப்பாவில் ஓர் ஏரிக்கரையில் 'பூவுலக நன்றி நிதியம்' என்று ஓர் அமைப்பு கண்ணாடி மாளிகை கட்டிக்கொண்டு இயங்கி வந்தது. பணக்கார நாடுகள் தங்கள் காடுகளை எப்போதோ மேசை நாற்காலியாக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதால், இன்னும் வெட்டாமல் வைத்திருக்கும் ஏழை நாட்டுக்காரர்களைத் தேடிப் போய் நன்றி சொல்வது அதன் வேலை. ஆரம்பத்தில் நன்றியைப் பணமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் புறப்பட்டதற்கு ஆதாரம் இருந்தது, போய்ச் சேர்ந்ததற்கு இல்லை. ஆகவே ஊருக்கு எது தேவையோ அதையே கொடுப்பது என்று மாற்றினார்கள். ஆப்பிரிக்காவில் ஓர் ஊர் பல் டாக்டர் கேட்டது. நத்தைக்குடி பஸ் கேட்டது.

சும்மா கொடுத்துவிட முடியுமா? அளக்க வேண்டும். பறவைகளை எண்ணிச் சொல்லுங்கள் என்றால் ஊர்க்காரர்கள் கோழிகளையும் சேர்த்து எண்ணுவார்கள் என்று நிதியத்துக்குத் தோன்றியது. அது சரியான சந்தேகமும்கூட. அதனால் எத்தனை பறவை இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இருக்கிற பறவை எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று அளந்தார்கள். தட்டான் பூச்சி அளவில் ஓராயிரம் குட்டிக் கருவிகள் கண்மாய்க்கு மேலே பறந்து, கூட்டில் இருக்கும் பறவைகளின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தன. துடிப்பு நிதானமாக இருந்தால் பறவைக்குப் பயமில்லை. இதையெல்லாம் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். அதன் பெயர் அச்சமின்மைக் குறியீடு. கண்மாய்க் கரை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய போர்டில் சிவப்பு எழுத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. பறவைகள் ஊரில் இல்லாத மாதங்களில், கடைசியாகக் காட்டிய எண்ணே நின்றது.

ஐம்பதுக்குக் கீழே போனால் பஸ் கிடையாது. ஐம்பதைத் தாண்டினால் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. எழுபதைத் தாண்டினால் நாலு நடை. தொண்ணூறைத் தாண்டினால் பஸ்ஸுக்குள் ஏசி போடப்படும். இந்தக் கடைசி விதியை எழுதியவர்கள் சிரித்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். நடுக்காட்டில்கூடப் பறவைகள் தொண்ணூறு மதிப்பெண்ணுக்கு நிம்மதியாக இல்லை.

முதல் வருடமே குறியீடு எழுபத்தொன்று காட்டியது. நத்தைக்குடியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் தடை போட்டதில்லை. "புள்ளத்தாச்சிக ஊருக்கு வந்திருக்கையில எவனாச்சும் வேட்டுப் போடுவானா?" என்பார்கள், அவ்வளவுதான். ஐப்பசியில் வந்து, குஞ்சு பொரித்து, பங்குனியில் கிளம்புகிற நாரைகளை அந்த ஊர் பிரசவத்துக்கு வந்த மகள்களாகத்தான் நினைத்தது. அந்த நினைப்புக்கு ஒரு நாள் நாலு நடை பஸ் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பஸ் வந்ததில் அதிகம் சந்தோஷப்பட்டவள் முத்துராக்கு. ஐம்பத்திரண்டு வயது. கரையை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் கத்திரித் தோட்டம், கொல்லையில் இரண்டு முருங்கை. பறித்த காயைக் கூடையில் தலைக்கு ஏற்றி, நாலு கிலோமீட்டர் நடந்து, மெயின் ரோட்டில் பஸ் பிடித்து டவுன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவள். முழங்கால் இரண்டும் போன வருடமே வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டன. தலைச்சுமை இனிமேல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் இருந்தால் சந்தை உண்டு. பஸ் இல்லாவிட்டால் கத்திரிக்காயை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அந்த பஸ்ஸுக்கு டிரைவர் கிடையாது, தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். ஆனால் தொழிற்சங்கம் விடாமல் போராடியதால் கண்டக்டர் உண்டு. பெயர் சேவுகன். முத்துராக்குவுக்குத் தூரத்து உறவில் அண்ணன் மகன். டிக்கெட் கிழிப்பது தவிர அவனுக்கு வேலையில்லை, அதையும் இப்போது யாரும் கிழிப்பதில்லை. பஸ் பேசவும் செய்யும். மேடைத் தமிழில் பேசும். "அன்பார்ந்த பயணியரே, தங்கள் வருகையால் யாம் பெருமிதம் கொள்கிறோம்" என்று அது ஆரம்பித்தால் ஆட்டுக்குட்டியோடு ஏறியவர்கள் குட்டியைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள்.

இனி முத்துராக்குவின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. கண்மாயின் இந்தக் கரையில் நின்று "ஏ செவலே" என்று கூப்பிட்டால் அந்தக் கரையில் மேயும் அவளுடைய செவலை ஆடு வரும். அடுத்த ஊர்ச் செவலை ஆடுகளும் எதற்கும் இருக்கட்டும் என்று வந்து பார்த்துவிட்டுப் போகும். அவள் புருஷன் கறுத்தப்பாண்டி பேசுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. கோபம் ஒன்றுமில்லை, தேவைப்படவில்லை.

ஊர் இப்படிச் சுகமாக இருந்தபோதுதான் தலைவர் சோணைமுத்துவுக்கு ஏசி ஆசை வந்தது.

வெடி மட்டும் இல்லாததற்கே எழுபத்தொன்று என்றால், மற்ற சத்தமும் இல்லாவிட்டால்? கணக்கு அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. அடுத்த ஐப்பசியில் அமைதிக் குழு அமைக்கப்பட்டது. கோயில் கொடைக்கு மேளம் வேண்டாம், சாமி புரிந்துகொள்ளும் என்றார்கள். மைக் செட்டுக்காரர் சொந்த ஊருக்கு ஓய்வெடுக்கப் போனார். சேவல்கள் எல்லாம் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டன. அவற்றில் பல தற்காலிகமாகவே குழம்பாயின. ஆட்டுக் கழுத்து மணிக்குள் பஞ்சு வைத்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை செல்போனில் எழுத்து மூலமாக நடந்தது. இதில் எழுதத் தெரிந்தவர் பக்கம் நியாயம் போய்விடுகிறது என்று ஒரு குறை இருந்தது.

குறியீடு எழுபத்தொன்றிலிருந்து அறுபத்தாறுக்கு இறங்கியது. நாலு நடை இரண்டு நடையானது.

இன்னும் சத்தத்தைக் குறைத்தார்கள். அறுபது. தும்மல் வந்தால் வீட்டுக்குள் போய்த் தும்ம வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஐம்பத்தெட்டு. மிச்சமிருந்த இரண்டு நடைக்கும் ஆபத்து வந்தது.

பஞ்சாயத்து அலுவலகத்தில் அவசரக் கூட்டம். அது கிசுகிசுப்பாகவே நடந்ததால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஊரே சேர்ந்து யாரைப் பற்றியோ புறணி பேசுவதுபோல இருந்தது. உண்மையும் அதுதான்.

"மதினி, ஒங்களக் குத்தம் சொல்றேன்னு நெனைக்கப்படாது" என்று சோணைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"சொல்லுங்க கொழுந்தனாரே. குத்தம் சொல்லாமச் சொல்லுங்க."

அவள் அளவில் அது மெதுவாகச் சொன்னதுதான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எல்லாரும் அந்தக் கம்பியைப் பார்த்தார்கள்.

"இதத்தான் சொல்றேன். ஊருல மத்த எல்லாச் சத்தமும் நின்னுபோச்சு. பாக்கி இருக்கிறது இது ஒண்ணுதான். பங்குனி வரைக்கும் திருப்பூர்ல ஒங்க தங்கச்சி வீட்டுல போயி இருந்துட்டு வந்தா..."

"நான் போனா கத்திரிக்கு யாரு தண்ணி பாச்சுவா? நீரா?"

"அப்பன்னா இங்கனயே இருங்க. ஆனா வாயத் தொறக்கப்படாது. இருக்கிற நடையும் போயிருச்சுன்னா மொதக் கஷ்டம் ஒங்களுக்குத்தான, மதினி. நான் மோட்டார் சைக்கிள்ல போயிக்கிருவேன்."

அதில் ஒன்றும் பொய்யில்லை. முத்துராக்கு முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்து, கன்னத்தில் அடக்கி, வாயை மூடினாள். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒரு மலை எழுந்து நகர்ந்து வழிவிட்டதுபோல இருந்தது.

அடுத்த நாற்பது நாள் அவள் பேசவில்லை. கையைத் தட்டியும் கண்ணை உருட்டியும் காலம் தள்ளினாள். செவலை ஆடு இரண்டு நாள் வீடு திரும்பாமல் கரையிலேயே நின்றது. கறுத்தப்பாண்டி முதலில் நிம்மதியாக இருந்தார். பத்தாம் நாளிலிருந்து பயந்துபோனார். "ஏதாச்சும் பேசுடி. வையவாச்சும் செய்யி" என்று பல வருடத்துக்குப் பிறகு தன் வாயைத் திறந்து கெஞ்சினார். அவள் போர்டைக் கைகாட்டினாள்.

போர்டில் ஐம்பத்தொன்று.

நிதியத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். டாக்டர் அருணோதயன், ஊக்குவிப்பு வடிவமைப்பு நிபுணர், தெற்காசிய மண்டலம். அவருடைய கார்டில் பட்டங்களுக்கு இடம் போதாமல் போன் நம்பரை விட்டுவிட்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கண்மாய்க் கரையில் திரை கட்டிப் படம் காட்டினார். ஊரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. முத்துராக்கு கடைசி வரிசையில், கண்மாயைப் பார்த்த பக்கம்.

"அமைதி என்பது சத்தம் இல்லாமை மட்டுமல்ல" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில். "அது ஒரு முதலீடு. நீங்கள் முதலீடு செய்தது போதவில்லை. இரண்டாம் கட்டமாக, பாத்திரங்களின் அடியில் ரப்பர் ஒட்டப்படும். குழந்தைகளுக்கு அழுகை மேலாண்மைப் பயிற்சி..."

அவருக்குப் பின்னால், தண்ணீருக்குள் நின்ற மூன்றாவது கருவேல மரத்தில், தாய் நாரை இரை தேடப் போயிருந்த ஒரு கூட்டில், இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்தன. ஒன்று காவல் பார்த்தது. இன்னொன்று உள்ளே தலையை விட்டு முட்டையைக் கவ்வியது. பக்கத்துக் கூட்டில் மூன்றாவது காக்கை இறகு முளைக்காத குஞ்சு ஒன்றின் சிறகைப் பிடித்து இழுத்தது. மேலே பருந்து ஒன்று வரிசையில் காத்திருப்பதுபோல வட்டமிட்டது.

முத்துராக்கு பார்த்தாள். வெற்றிலையைத் துப்பினாள். எழுந்தாள்.

"ஏய், கருமூஞ்சிக் களவாணிகளா."

டாக்டரின் கையிலிருந்த கருவி கீழே விழுந்தது.

"பெத்தவ எர தேடப் போயிருக்கையில வீடு பூந்து புள்ளயத் தூக்குறீகளா? ஒங்க ஆத்தா ஒங்களுக்கு இதத்தேன் சொல்லிக் குடுத்தாளா? ஒங்க மூக்கு மழுங்கிப் போக. ஒங்க றெக்க உதுந்து தரையில தத்தித் தத்தித் திரிய. நாப்பது நாளா நான் வாயக் கட்டிக் கெடந்தா ஊருல ஆளே இல்லேன்னு நெனச்சுட்டீகளா? டேய் பருந்து, ஒன்னயுந்தாண்டா. நெளிஞ்சு நெளிஞ்சு பாக்காத. வந்தேன்னு வையி, ஒன்னயப் புடிச்சு அடுப்புல வச்சு ஊதிருவேன்."

நாற்பது நாள் சேமிப்பு. இதற்குமேல் அவள் சொன்னவை அச்சில் ஏறும் தரத்தில் இல்லை. காக்கை குஞ்சை விட்டது. முட்டைத் திருடன் முட்டையைப் போட்டுவிட்டுப் பறந்தது. கண்மாய் முழுவதிலுமிருந்து அறுபது எழுபது காக்கைகள் கிளம்பி, ஒரு கறுப்புத் துணியை உதறியதுபோல வயல்பக்கம் போய்ச் சேர்ந்தன. பருந்து தனக்கு வேறு இடத்தில் வேலை இருப்பது நினைவுக்கு வந்ததுபோல மேற்கே திரும்பியது.

கூட்டில் இருந்த நாரைகள் ஒன்றுகூட அசையவில்லை. சில கழுத்தை மடித்துச் சிறகுக்குள் வைத்துக்கொண்டன.

"மதினி, கெடுத்துட்டீகளே" என்று தலையில் கைவைத்த சோணைமுத்து, போர்டைப் பார்த்து அப்படியே நின்றார். ஐம்பத்தைந்து. அறுபத்திரண்டு. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது எழுபத்து நாலு.

"கருவிக் கோளாறு" என்றார் டாக்டர்.

"கோளாறு கருவில இல்ல சார்" என்றாள் முத்துராக்கு, இறங்கிய குரலில். ஜன்னல் கம்பி இல்லாததால் எதுவும் அதிரவில்லை. "இதுக எம்புட்டோ கண்மா இருக்க, ஊரை ஒட்டி இங்கன வந்து ஏன் கூடு கட்டுதுக? நாம கத்துவோம், சட்டி பானைய உருட்டுவோம், மேளம் அடிப்போம். அந்தச் சத்தத்துக்குக் காக்காயும் பருந்தும் அண்டாது. அதுகளுக்கு நாமதேன் வேலி. வேட்டுப் போட்டாத்தேன் பயம். வேட்டு வேற, வாய் வேற."

"மானுடக் கேடயக் கோட்பாடு" என்று டாக்டர் முணுமுணுத்தார். "இதை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும்."

"இப்ப எழுதுங்க. யாரு வேண்டாம்னா?"

எழுதினார். அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

ஒரு வாரத்தில் மேளம் திரும்பியது, ஆட்டு மணியின் பஞ்சு எடுக்கப்பட்டது, குழம்பாகாத சேவல்கள் வீடு திரும்பின. ஆனால் டாக்டருக்கு மேளமும் சேவலும் போதவில்லை. எல்லாவற்றிலும் ஆகச் சிறந்த சத்தம் முத்துராக்குதான் என்று கருவிகள் சொல்லின. ஆகவே அவள் 'குரல் காவலர்' ஆக்கப்பட்டாள். பச்சைச் சேலை, நெஞ்சில் நாரைப் படம் போட்ட பதக்கம், காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம், மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம், மைக்கில் திட்ட வேண்டும். எதைத் திட்டுவது என்பதை ஏரிக்கரைக் கண்ணாடி மாளிகையில் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தந்து அனுப்பியது. பறவைகளில் காகமும் ஒரு பறவை, அதன் மனமும் நோகக்கூடாது என்று அவர்களுக்கு ஒரு கவலை.

முதல் நாள் அவள் தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். "காகங்களே. தங்கள் செயல். எங்களுக்கு. வருத்தம் அளிக்கிறது. தயவுசெய்து. மாற்று உணவு ஆதாரங்களை. பரிசீலிக்கவும்."

காகங்கள் பரிசீலித்தன. மூன்றாம் நாள் ஒன்று வந்து மைக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டுப் போனது. சரி, அன்றைக்குக் கண்மாய்க் கரையில் திட்டியதை யாரோ செல்போனில் பதிவு செய்திருக்கிறார்களே, அதைப் போடலாம் என்றார் டாக்டர். நாலு நாள் பலித்தது. ஐந்தாம் நாள் காகங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அமைதிக் காலத்தில் துணிந்துவிட்ட காகங்களுக்கு மேளமும் சேவலும் ஒரு பொருட்டாகவே இல்லை. குறியீடு மறுபடி அறுபது, ஐம்பத்தாறு, ஐம்பத்து மூன்று.

இதையெல்லாம்விட முத்துராக்குவைத் தைத்தது வேறொன்று. ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கொல்லையிலிருந்து பார்க்கிறாள், ஒரு காக்கை கூட்டுக்குள் தலையை விடுகிறது. வாய் திறந்தது. உடனே கண் தானாகக் கடிகாரத்தின் பக்கம் போனது. மாலை ஐந்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு. அந்த ஒரு நொடிக்குள் காக்கை வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

அவள் பச்சைச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள்.

"இந்தாங்க சார். எனக்கு இது ஆகாது."

"ஏன்மா? ஊக்கம் போதவில்லையா? இன்னொரு சேலை தரச் சொல்கிறேன்."

"சேலை நல்லாத்தேன் இருக்கு. எனக்குத்தேன் கோவம் வர மாட்டேங்குது. முன்னயெல்லாம் பாத்தவொடன பொத்துக்கிட்டு வரும். இப்ப அது வேலையாப் போச்சு. வேலைக்கு மணி பாக்கத்தானே தோணும்?"

டாக்டர் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொள்ள வேண்டியது அந்த ஒன்றுதான்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது பஸ் ஏழு மணிக்கு வந்தது.

டவுன் சந்தையில் ஏழரைக்குள் போனால் வேப்பமர நிழலில் இடம். அதற்குமேல் போனால் கழிவறைக்குப் பக்கத்து வெயில். முத்துராக்கு இருபது நிமிடம் கூடையோடு நின்றாள். பஸ் வந்து, கதவைத் திறந்து, "வழியில் ஆட்டு மந்தை குறுக்கிட்டமையால் தாமதம். பொறுத்தருள்க" என்றது.

"பொறுத்தருளவா? ஒன்னயத் தகரக் கடையில போட்டு எடைக்கு நிறுக்க. டைவரும் இல்ல, டீ குடிக்கிற வேலையும் இல்ல, ஒனக்கென்ன நோக்காடு? கத்திரிக்காயி வெயில்ல கெடந்து வாடுனா நீ வந்து வாங்குவியா? வாயப் பாரு, பொறுத்தருளணுமாம்."

டவுன் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். அவள் ஏறுவதற்குள்ளேயே கரையில் இருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. திட்டு தங்களுக்கில்லை என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்தத் தொனியில் இருந்தது நிஜம் என்பது மட்டும் தெரிந்தது. போர்டு அறுபத்தொன்றுக்கு ஏறியது.

மறுநாள் பேட்டரியில் ஏதோ கோளாறு, பதினெட்டு நிமிடம். அதற்கு மறுநாள் சாலைப் பணி. சாலையில் பணி நடந்த அடையாளமே இல்லை. பிறகு பனிமூட்டம், நல்ல வெயிலில். ஒவ்வொரு நாளும் முத்துராக்கு புதிதாகக் கொதித்தாள். தை பாதியில் குறியீடு எழுபத்தெட்டு, நாலு நடை திரும்பியது. நாலு நடையும் ஒழுங்காகத் தாமதமாக வந்தன. வேப்பமர நிழலில் பக்கத்துக் கடைக்காரி பாவப்பட்டு அவளுக்கு இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தாள். அதனால் வியாபாரம் போகவில்லை, ஆனாலும் கோபம் குறையவில்லை.

டாக்டர் அருணோதயன் ஒரு கட்டுரை எழுதினார். குரல் காவலர் பயிற்சியின் பலன் சற்றுத் தாமதமாக வெளிப்படும் என்று நிரூபித்தார். அதற்கு ஒரு விருது கிடைத்தது. இன்று பதினோரு நாடுகளில் ஏழைப் பெண்கள் பச்சை உடுப்புப் போட்டுக்கொண்டு காகங்களுக்குத் தாள் வாசிக்கிறார்கள்.

மாசியில் ஒரு காலை, ஆட்டுக்குக் குழை ஒடிக்க முத்துராக்கு சீக்கிரமே கிளம்பி ஊருக்கு வெளியே வளைவு வரை போனாள். வளைவில் பெரிய புளியமரம். மரத்துக்குப் பின்னால், சாலையிலிருந்து தெரியாதபடி, பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து சேவுகன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

மணி ஆறு ஐம்பது.

"என்னடா சேவுகா, பஸ்ஸுக்கு வயித்தால போகுதா?"

முறுக்கு சேவுகனின் தொண்டையில் நின்றது. "அத்தே. நான் நிப்பாட்டல. சத்தியமா. இதுவா வந்து நிக்கிது."

"ஏன் நிக்கிது?"

"இருபது நிமிசம் ஆகட்டும்னு நிக்கிது." அவன் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினான். "அத்தே, இதுக்கு ஒரே ஒரு உத்தரவுதான் போட்டு விட்டிருக்காக. நடை குறையாமப் பாத்துக்க, அதுக்கு என்ன வழின்னு நீயே கத்துக்கன்னு. மொதல்ல நாரைக்குப் புடிக்குமான்னு என்னென்னமோ பாட்டுப் போட்டுப் பாத்துச்சு. ஆரன மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்துச்சு. ஒண்ணும் நடக்கல. அன்னைக்கு நெசமாவே ஆடு குறுக்க வந்து லேட்டாச்சுல்ல, நீ வஞ்சேல்ல, போர்டு ஏறுச்சுல்ல? அதப் பாத்து வச்சுக்கிருச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, தெனம் வந்து இங்கன நிக்கிது. ஒனக்குக் கோவம் சரியா வர எத்தன நிமிசம் ஆகும்னு கணக்குப் பாத்து வச்சிருக்கு. பதினஞ்சுன்னா பத்தலயாம். இருபத்தஞ்சுன்னா நீ சோந்து போயி உக்காந்துருவியாம்."

முத்துராக்கு பஸ்ஸைச் சுற்றி வந்து முன்னால் நின்றாள். இரண்டு விளக்குகளும் அவளைப் பார்த்தன.

"ஏண்டா, நெசமா?"

"அம்மையே" என்றது பஸ், "தங்கள் சினம் இவ்வூரின் இயற்கை வளம். அதனை முறைப்படி பராமரித்தல் எம் கடமை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் குழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சேவுகன் பதறினான். "அத்தே, சிரிக்காத. ஒனக்கு இப்ப விசயம் தெரிஞ்சுபோச்சே. இனிமே கோவம் வராதே. பஸ்ஸு போயிருமே. தலைவர்ட்ட சொல்லிருவமா?"

"வாய மூடு. அவரு காதுக்குப் போச்சுன்னா டாக்டருக்குப் போகும். டாக்டருக்குப் போச்சுன்னா இதுக்கும் ஒரு தாள் வரும். இத்தன மணிக்கு லேட்டா வரணும், இத்தன மணிக்குக் கோவப்படணும்னு. அம்புட்டுத்தேன், சோலி முடிஞ்சுரும்."

அன்றைக்கு நிறுத்தத்தில் நின்று நடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் நடித்தாள். பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாம் நம்பினார்கள். காக்கைகள் நம்பவில்லை. போர்டு இரண்டு இறங்கியது. மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் எழுபதைத் தொட்டு நின்றது. பங்குனி வர இன்னும் பதினைந்து நாள். கூடுகளில் குஞ்சுகள் பறக்கும் பருவத்தில் நின்றன.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எப்படியும் ஏழு மணிக்குத்தான் வரப்போகிறது. ஆறு நாற்பதிலிருந்து கால் கடுக்க நின்றும் கோபம் வரவில்லை என்றால் எதற்கு நிற்பது? அந்த இருபது நிமிடத்தில் இன்னும் நாலு காய் பறிக்கலாம். நாளையிலிருந்து ஏழு மணிக்கே போனால் போதும். "நாளையில இருந்து ஏழுக்குத்தேன் வருவேன்" என்று பஸ்ஸுக்குள் வைத்தே சேவுகனிடம் சொல்லிவிட்டாள். பஸ்ஸை ஏமாற்றப்போவதில் அவளுக்கு உள்ளூர ஒரு குஷி.

மறுநாள் ஆறு நாற்பத்தொன்றுக்கு அவள் தோட்டத்தில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால், கரைமேல், பஸ் போயிற்று. டவுனைப் பார்த்து. அவளை ஏற்றிக்கொள்ளாமல். ஜன்னலோரத்தில் சோணைமுத்துவின் பெண்டாட்டி உட்கார்ந்து தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

பல வாரங்களில் முதல் தடவையாக, மிகச் சரியான நேரத்துக்கு வந்து, மிகச் சரியான நேரத்துக்குப் புறப்பட்டிருந்தது.

முத்துராக்கு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தத்தை மறந்தன. கரைமேல் ஏறி, கத்திரிக்காய் ஒன்றிரண்டு உருள, அவள் வாயைத் திறந்தாள்.

அந்த ஊர் அதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பஸ்ஸின் பிறப்பு, அதைச் செய்தவனின் பிறப்பு, ஏரிக்கரை மாளிகை, அதன் கண்ணாடி, நேரத்துக்கு வருகிற புத்தி அதற்கு எவன் கொடுத்தது, சொன்ன நேரத்துக்கு வந்தால் மனுசி எப்படிப் பஸ் ஏறுவாள் என்று ஒன்றையும் அவள் விடவில்லை. காக்கைகள் மாவட்டத்தை விட்டே போகிற வேகத்தில் போயின. மூன்று வயல் தள்ளி கறுத்தப்பாண்டி வரப்பில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண்மாய்க்குள் மூவாயிரம் நாரைகள் அதே முகத்தோடு கழுத்தை மடித்துக்கொண்டன.

நூறு அடி தள்ளி பஸ் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. பின் விளக்கு இரண்டும் மினுங்கிக்கொண்டிருந்தன. அவள் மூச்சிரைக்க வந்து சேரும் வரை அது அசையவில்லை. சேவுகன் இறங்கிக் கூடையை வாங்கினான்.

"அத்தே, போர்டப் பாத்தியா? தொண்ணூத்தி மூணு."

படியில் கால் வைத்தபோது தலைக்கு மேலே ஏதோ உறுமியது. கூரையிலிருந்த ஓட்டைகளிலிருந்து குளுகுளுவென்று காற்று இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். சோணைமுத்துவின் பெண்டாட்டி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

முத்துராக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாதி வழி வரும் வரை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததைத் திட்டித் தீர்த்தாள். பிறகு முன்னால் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் சேவுகனுக்குத் தெரிந்தது, கேட்டாள்.

"ஏண்டா, நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?"

யார் எதைக் கேட்டாலும் நாலு வரியில் செந்தமிழ் பொழிகிற பஸ், அன்றைக்குப் பதில் எதுவும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.